பாட்டு ரெடி, எந்த வழியில் வெளியிடுவது? கொங்குப் பக்கத்துத் தனிக் கலைஞர்களுக்கு ஓர் ஒப்பீடு

"ஏனுங்ணா, பாட்டு ரெடிங்க. எதுல போட்டா நல்லதுங்க?"

ஈரோட்டில் ரெக்கார்டிங் வேலை பார்க்கும் எனக்கு, மிக்ஸிங் முடிந்த கையோடு வருகிற கேள்வி இது. கேட்பவர்கள் பலவிதம். வள்ளி கும்மிக் குழுவின் ஆசிரியர் கேட்பார். திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிஃப்ட் முடித்துவிட்டு ராத்திரியில் ராப் எழுதுகிற தம்பி கேட்பார். குலதெய்வத்துக்கு ஒரே ஒரு பாட்டுப் போட்டு நோம்பிக்கு (கோயில் திருவிழாவுக்கு) வெளியிட நினைக்கும் குடும்பம் கேட்கும். தாத்தா உடுக்கை அடித்துப் பாடிய அண்ணன்மார் கதையைப் பத்திரப்படுத்த நினைக்கும் பேத்தியும் கேட்பார். இவர்கள் நால்வருக்கும் ஒரே பெயரைச் சொல்லி அனுப்பினால் அதில் இரண்டு பேருக்காவது நஷ்டம்.

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் போன்றவை தனி ஆளிடமிருந்து நேராகப் பாட்டு வாங்குவதில்லை. நடுவில் டிஸ்ட்ரிபியூட்டர் ஒருவர் வேண்டும். பாட்டையும் அட்டைப்படத்தையும் விவரங்களையும் அவர் எல்லாத் தளங்களுக்கும் அனுப்பி, வருகிற பணத்தை வசூலித்துத் தருவார். யூடியூப் சேனல் மட்டும் நாமே தொடங்கலாம். ஆனால் விளம்பர வருமானம் வர 1,000 சப்ஸ்கிரைபரும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் (அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையும்) வேண்டும். சேனல் இருந்தாலும் ரீல்ஸில் உங்கள் பாட்டை எடுத்துப் போட, காரில் கேட்க, டிஸ்ட்ரிபியூட்டர் தேவைதான்.

## முதலில் எதைப் பார்க்க வேண்டும்

எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்பதை. நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: பணம் கட்டுவதை நிறுத்தினால் பாட்டு என்ன ஆகும்? பக்திப் பாட்டும் கும்மிப் பாட்டும் ஒவ்வொரு நோம்பிக்கும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவை. பத்து வருஷம் கழித்தும் அது அங்கே இருக்க வேண்டும்.

அதற்கடுத்து, வருஷத்துக்கு எத்தனை பாட்டு போடப் போகிறீர்கள் என்பது. ஒன்றா, பன்னிரண்டா? இதற்குச் சரியான பதில் தெரிந்தாலே பாதி முடிவு ஆகிவிடும். கனவில் போடப் போகிற எண்ணிக்கையைச் சொல்லாமல், போன வருஷம் எத்தனை முடித்தீர்கள் என்று பாருங்கள்.

மூன்றாவது, பணம் கைக்கு வந்து சேரும் வழி. எவ்வளவு சேர்ந்தால் அனுப்புவார்கள், அனுப்பக் கூலி எவ்வளவு, வரி எவ்வளவு. நான்காவது, யூடியூபின் கன்டென்ட் ஐடி. உங்கள் பாட்டை வேறொருவர் வீடியோவில் போட்டால் கண்டுபிடித்து வருமானத்தை உங்களுக்குத் திருப்பும் ஏற்பாடு அது. தனி ஆளுக்கு நேரடியாகக் கிடைக்காது, டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகத்தான். கடைசியாக, கணக்கு யார் பெயரில், யார் மெயில் ஐடியில் இருக்கிறது என்பது. இதைக் கேட்கவே பலருக்குத் தோன்றுவதில்லை. பின்னால் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

| | ஆண்டுச் சந்தா | ஒருமுறைக் கட்டணம் | இலவசம், வருமானத்தில் பங்கு | உள்ளூர் ஆடியோ கம்பெனி |
|---|---|---|---|---|
| உதாரணம் | டிஸ்ட்ரோகிட், ட்யூன்கோர் | சிடி பேபி | ரூட்நோட் | ஊர்ப்பக்கத்து லேபிள், சேனல் |
| கைக்காசு | வருஷம் சுமார் 25 டாலர் | சிங்கிளுக்கு (தனிப் பாட்டுக்கு) சுமார் 10 டாலர் | இல்லை | இல்லை, சில சமயம் அவர்களே தருவார்கள் |
| அவர்கள் எடுக்கும் பங்கு | ஸ்ட்ரீமிங்கில் இல்லை | 9% | 15% | பெரும்பாலும் முழுவதும் |
| கட்டாவிட்டால் | பாட்டு இறங்கிவிடும் | இருக்கும் | இருக்கும் | அவர்கள் இஷ்டம் |
| யாருக்கு | மாதம் ஒரு பாட்டு போடுபவர் | எப்போதாவது போடுபவர், நோம்பிப் பாட்டு | சோதித்துப் பார்ப்பவர் | செலவு செய்யவே முடியாத குழு, காலக்கெடு எழுதி வாங்கினால் |

விலைகள் அவ்வப்போது மாறும், கட்டும் முன் அவர்கள் தளத்தில் பார்த்துவிடுங்கள். கீழே டாலரை 88 ரூபாயாக வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

## ஆண்டுச் சந்தா

வருஷத்துக்கு ஒருமுறை கட்டினால் எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்றலாம். வரும் ஸ்ட்ரீமிங் பணம் முழுக்க உங்களுக்கு. டிஸ்ட்ரோகிட் இப்படித்தான் பெயர் வாங்கியது. ட்யூன்கோரும் 2022இல் சந்தா முறைக்கு வந்தது. பிரான்ஸின் பிலீவ் நிறுவனத்துக்குச் சொந்தமான அதற்கு இந்தியாவில் தனிக் கிளையும் உண்டு.

25 டாலர் என்றால் 2,200 ரூபாய். வெளிநாட்டு இணையச் சேவைக்கு 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் 2,600க்குப் பக்கம் வரும். வங்கி தன் அந்நியச் செலாவணிக் கட்டணத்தைத் தனியாகப் பிடிக்கும். மாதம் ஒரு பாட்டு போடும் திருப்பூர்த் தம்பிக்கு இது மலிவுதான், பாட்டுக்கு 220 ரூபாய்கூட ஆகாது.

மறைந்திருக்கும் செலவு அடுத்த வருஷத்தில் இருக்கிறது. சந்தா நின்றால் பாட்டு எல்லாத் தளங்களிலிருந்தும் இறங்கிவிடும். "நான் மறக்க மாட்டேங்ணா" என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் மறதி மட்டும் காரணமில்லை. ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபரிலிருந்து மாறிவிட்டது. அதன்படி நாம் வங்கி வழியாக முன் ஒப்புதலைப் பதிவு செய்யாமல் வெளிநாட்டு நிறுவனம் நம் அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுக்க முடியாது. கார்டு எண் கொடுத்திருக்கிறோம், அதுபாட்டுக்குப் போகும் என்று இருந்தால் புதுப்பிப்பு தோற்றுப்போகும். எச்சரிக்கை மெயில் வந்திருக்கும், அதை நாம் திறந்திருக்க மாட்டோம். புதுப்பிக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாக ஃபோனில் அலாரம் வையுங்கள்.

சந்தா நின்றாலும் பாட்டு தளங்களில் இருக்க டிஸ்ட்ரோகிட்டில் தனிக் கட்டணம் உண்டு: சிங்கிளுக்கு 29 டாலர், ஆல்பத்துக்கு 49. சிங்கிளுக்கே வரியோடு 3,000 ரூபாய் ஆகிவிடும். கன்டென்ட் ஐடியும் அதன் அடிப்படைச் சந்தாவில் அடங்காது. பாட்டுக்கு வருஷா வருஷம் தனியாகக் கட்ட வேண்டும், போதாததற்கு யூடியூபில் வரும் பணத்தில் 20% எடுத்துக்கொள்வார்கள்.

நோம்பிப் பாட்டுக்காரர்களுக்கு முக்கியமான ஒன்று. டிஸ்ட்ரோகிட்டின் கீழ்நிலைத் திட்டத்தில் வெளியீட்டுத் தேதியை நாம் குறிக்க முடியாது, அனுப்பிய பாட்டு தயாரானதும் வெளியாகிவிடும். தைப்பூசத்துக்குப் பழனி நடைபயணம் கிளம்பும் நாளில் வர வேண்டிய காவடிப் பாட்டு, மார்கழி நடுவிலேயே யாரும் கவனிக்காமல் வந்து நிற்கும். பண்ணாரி குண்டம் திருவிழாவுக்கும் ஈரோடு பெரிய மாரியம்மன் கம்பம் திருவிழாவுக்கும் பாட்டு பங்குனியில்தான் வர வேண்டும். தேதி குறிக்க வேண்டுமென்றால் அடுத்த திட்டத்துக்குப் போக வேண்டும், விலையும் கூடும்.

## ஒருமுறைக் கட்டணம்

சிடி பேபி 1998இல் தொடங்கியது, இந்தத் தொழிலில் மூத்தவற்றில் ஒன்று. ஒரு வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டினால் போதும், பாட்டு அங்கேயே இருக்கும். வருமானத்தில் 9% எடுத்துக்கொள்வார்கள். கன்டென்ட் ஐடி வழியாக வருவதில் பங்கு அதிகம், 30%.

10 டாலர் என்றால் வரியோடு 1,040 ரூபாய். ஒரே ஒரு குலதெய்வப் பாட்டு போடும் குடும்பத்துக்கு ஐந்து வருஷக் கணக்குப் பாருங்கள். இங்கே 1,040 ரூபாயோடு முடிந்தது. சந்தாவில் 13,000 ரூபாய். ஒரு வருஷச் சந்தாவும் அந்த 29 டாலரும் சேர்த்துக் கட்டினால்கூட 5,600. அப்படிப்பட்ட பாட்டுக்கு ஸ்ட்ரீமிங்கில் பெரிய பணம் வரப்போவதில்லை, எனவே 9 சதவீதத்தைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

வருஷத்துக்கு இரண்டு பாட்டு என்று ஐந்து வருஷம் போட்டால் 10,400. அப்போதும் சந்தாவைவிடக் குறைவுதான். மாதம் ஒன்று போட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்: ஐந்து வருஷத்தில் 62,400 ரூபாய். ராப் தம்பிகள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

கும்மிக் குழுக்களுக்கும் உடுக்கடிப் பாட்டுக்கும் என் தேர்வு இதுதான், தயக்கமில்லாமல் சொல்வேன். தேக்கம்பட்டி பத்திரப்பன் ஐயாவுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காக 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். எண்பதைத் தாண்டிய வயது வரை ஒருவர் சுமந்து வந்த கலை அது. அப்படிப்பட்ட ஆசான்களின் குரலை, பேரன் கிரெடிட் கார்டு காலாவதியானதால் காணாமல் போகிற இடத்தில் வைக்கக் கூடாது.

## இலவசம், வருமானத்தில் பங்கு

ரூட்நோட்டின் இலவசத் திட்டத்தில் கைக்காசு வேண்டாம், 15% அவர்களுக்கு. சந்தாவின் 2,600 ரூபாயோடு ஒப்பிட்டால், வருஷத்துக்குச் சுமார் 17,000 ரூபாய்க்குக் கீழே சம்பாதிக்கும் யாருக்கும் இதுதான் லாபம். புதிதாகத் தொடங்குபவர் எல்லோரும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள்.

ஆனால் 50 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். அதாவது 4,400 ரூபாய். இந்தியக் கேட்பவர்களிடமிருந்து வருகிற சில்லறையில் அந்த எல்லையைத் தொட வருஷங்கள் ஆகலாம், அதுவரை உங்கள் பணம் அங்கேயே கிடக்கும். அப்புறம், இலவசத் திட்டங்களில் பாட்டைச் சரிபார்த்து அனுப்பப் பொதுவாகவே கூடுதல் நாள் ஆகும். நோம்பித் தேதி நெருங்கியிருந்தால் இதை நம்பாதீர்கள்.

## உள்ளூர் ஆடியோ கம்பெனி

கேசட் காலத்திலிருந்து நம் பக்கம் பழகிய வழி இது. ரெக்கார்டிங் செலவைக் கம்பெனி ஏற்கும், வீடியோவும் எடுப்பார்கள், குழுவுக்குக் கையில் ஒரு தொகை கொடுப்பார்கள். ஆயிரக்கணக்கில் சப்ஸ்கிரைபர் உள்ள பக்திச் சேனல் அவர்களிடம் தயாராக இருக்கும். ஜமாப், பம்பை மேளங்கள் எல்லாம் வைத்து முப்பது நாற்பது பேர் கொண்ட குழுவுக்கு ஸ்டுடியோ வாடகையே பெரிய தொகை, அதனால் இந்த வழியை ஒரேயடியாக வேண்டாம் என்று தள்ளமாட்டேன்.

பிரச்சினை கையெழுத்துப் போடும் பத்திரத்தில் இருக்கிறது. நான் பார்த்த ஒரு பத்திரம் ஒரே பக்கம்தான். "மேற்படி பாடல்களின் சகல உரிமைகளும் உலகம் முழுமைக்கும் என்றென்றைக்கும்" என்று ஒரே வரி. கீழே ஆசிரியரின் கையெழுத்து. அந்தக் குழு மறு வருஷம் தங்கள் ஊர்க் கோயில் நோம்பியில் அதே பாட்டுக்கு ஆடி, சொந்தச் சேனலில் வீடியோ போட்டது. பின்னணியில் ஓடியது அந்த ரெக்கார்டிங். கன்டென்ட் ஐடி வழியாகக் கம்பெனியின் பெயரில் கிளெய்ம் (உரிமைக் கோரிக்கை) வந்து, விளம்பரப் பணம் கம்பெனிக்குப் போய்விட்டது. பாடியது அவர்கள், ஆடியது அவர்கள், வருமானம் வேறிடத்துக்கு. சட்டப்படி தவறு என்று எதையும் சுட்ட முடியவில்லை, ஏனென்றால் கையெழுத்து இருக்கிறது.

கையெழுத்துப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டியவை 1957ஆம் வருஷக் காப்பிரைட் சட்டத்திலேயே இருக்கின்றன. 19ஆம் பிரிவின்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிக்கவில்லை என்றால் அது ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். எந்த நாடு என்று குறிக்கவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும். அதனால்தான் "என்றென்றைக்கும்", "உலகம் முழுமைக்கும்" என்ற வார்த்தைகளைத் தவறாமல் சேர்க்கிறார்கள். அந்த இரண்டையும் அடித்துவிட்டு, "ஐந்து வருஷம், அதன் பின் ரெக்கார்டிங் குழுவுக்குத் திரும்பும்" என்று எழுதச் சொல்லுங்கள். நல்ல கம்பெனி பேரம் பேசும். பேசவே மறுத்தால் எழுந்து வந்துவிடலாம்.

2012இல் வந்த திருத்தம் இன்னொரு பாதுகாப்பைத் தருகிறது. பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையை எழுதிக் கொடுத்தாலும், அந்தப் பாட்டு பயன்படும் இடங்களில் ராயல்டியில் சம பங்கு கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதை வசூலிக்க ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். இந்தப் பணத்தை டிஸ்ட்ரிபியூட்டர் கொண்டுவந்து தரமாட்டார், அவர் தருவது ரெக்கார்டிங்குக்கு உண்டான பணம் மட்டுமே. மேலே சொன்ன எந்த வழியில் போனாலும் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் இதைத் தனியாகச் செய்ய வேண்டும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு வகை உண்டு. "எங்கிட்ட குடுங்க, நான் ஏத்திவிடறேன்" என்று சில ஆயிரம் வாங்கிக்கொண்டு வேலை செய்து கொடுப்பவர்கள். ஸ்டுடியோக்காரர்களிலும் உண்டு, கம்ப்யூட்டர் சென்டர்களிலும் உண்டு. பெரும்பாலோர் நல்லவர்களே, ஆங்கிலப் படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் பாட்டு அவர்களுடைய சந்தாக் கணக்கில் ஏறியிருக்கும். அவர் கடையை மூடினால் பாட்டும் மூடிக்கொள்ளும், அதுவரை வந்த பணம் யாருடையது என்பதற்கும் காகிதம் இருக்காது. உதவிக்கு ஆள் வையுங்கள், கணக்கை மட்டும் உங்கள் மெயில் ஐடியில், உங்கள் பேன் எண்ணில், உங்கள் வங்கிக் கணக்கோடு திறக்கச் சொல்லுங்கள். நான் ஏற்றிக் கொடுக்கும் பாட்டுகளையும் அப்படித்தான் ஏற்றுகிறேன்.

## எந்த வழியில் போனாலும்

ஆயிரம் என்ற எல்லை. 2024லிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடியிருந்தால்தான் அதற்குப் பணம். முப்பது விநாடி கேட்டால்தான் ஒரு ஓட்டமாகக் கணக்கு. இரண்டு மணி நேரக் கும்மியை இருபது துண்டாக வெட்டிப் போட்டால் ஒரு துண்டுகூட அந்த எல்லையைத் தொடாமல் போகலாம். ஜனம் விரும்பிக் கேட்கும் ஐந்தாறு பாட்டை மட்டும் தனியாக எடுத்துப் போடுவது நல்லது.

காசுக்கு ஸ்ட்ரீம் வாங்காதீர்கள். "பத்தாயிரம் ஸ்ட்ரீம், ஐந்நூறு ரூபாய்" என்று இன்ஸ்டாகிராமில் மெசேஜ் வரும். போலி ஓட்டம் அதிகமாகத் தெரிந்தால் ஸ்பாட்டிஃபை டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் போடுகிறது. அவர் அதை உங்கள் தலையில் கட்டலாம், பாட்டையும் இறக்கிவிடலாம்.

வரிப் படிவம். அமெரிக்க நிறுவனம் என்றால் டபிள்யூ-8 பென் என்ற படிவத்தை பேன் எண்ணோடு நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் அமெரிக்காவில் ஈட்டிய பங்கில் 30% வரை பிடிப்பார்கள். நிரப்பினால் இந்திய, அமெரிக்க ஒப்பந்தப்படி ராயல்டிக்கு 15%.

மெட்டு யாருடையது? திருப்புகழும் அண்ணன்மார் கதையும் யாருக்கும் தனியுரிமை இல்லாதவை. நீங்கள் பாடிப் பதிவு செய்தது உங்களுடையது, தாராளமாக வெளியிடலாம். சினிமா மெட்டில் வரி மாற்றிய கும்மிப் பாட்டை அனுமதி இல்லாமல் ஏற்றவே கூடாது. யூடியூபில் இலவசமாகக் கிடைத்த பீட்டில் (பின்னணி இசையில்) ராப் பாடியிருந்தால் கன்டென்ட் ஐடியைத் தொடாதீர்கள். அதே பீட்டில் பாடிய இன்னும் நூறு பேர் மீது கிளெய்ம் போகும், சண்டை உங்களிடம் வரும்.

படிவத்தில் பெயர். ஐந்து நிமிஷ வேலைதான், ஆனால் நிதானமாகச் செய்ய வேண்டும். நம் ஆட்கள் இனிஷியலோடு ஒரு பாட்டும், இனிஷியல் இல்லாமல் ஒன்றும், ஊர்ப் பெயர் சேர்த்து இன்னொன்றும் போடுவார்கள். மூன்று பாட்டும் மூன்று தனிப் பக்கங்களில் போய் விழும். வெறும் கார்த்திக், அருண் என்று போட்டால் வேறொரு கார்த்திக்கின் பக்கத்தில் உங்கள் பாட்டு ஏறிவிடும். ஊர்ப் பெயரோடு ஒரு பெயரை முடிவு செய்து, எழுத்துக்கூட்டல் மாறாமல் கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள்.

தேதி. ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆட்களுக்குப் பாட்டைக் காட்ட வேண்டுமானால் வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னால் அவர்கள் கலைஞர் பக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நான்கு வாரம் முன்னதாக ஏற்றினால் அட்டைப்படத்தில் குறை சொல்லித் திருப்பி அனுப்பினாலும் சமாளிக்கலாம்.

பின்னால் மாற்றிக்கொள்ளலாமா? தாராளமாக. இலவசத்தில் தொடங்கி, பாட்டு ஓட ஆரம்பித்ததும் சந்தாவுக்கோ ஒருமுறைக் கட்டணத்துக்கோ போவது வழக்கம்தான். ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று பன்னிரண்டு எழுத்து எண் ஒன்று இருக்கும், பழைய கணக்கிலிருந்து அதைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் ஏற்றும்போது அதே எண், அதே ஆடியோ ஃபைல், அதே தலைப்பு, அதே பெயர் கொடுங்கள். புதியது தளங்களில் வந்துவிட்டதைப் பார்த்த பிறகே பழைய இடத்தில் இறக்கச் சொல்லுங்கள். முந்திக்கொண்டு இறக்கினால் அதுவரை சேர்ந்த எண்ணிக்கையும் பிளேலிஸ்ட் இடங்களும் போய்விடலாம். பழைய கணக்கில் மிச்சப் பணம் வந்து சேர இரண்டு மூன்று மாதம் ஆகும், அதனால் அந்தக் கணக்கை உடனே மூட வேண்டாம்.